ஒரு பெரிய ஃபேன், நாலு சின்ன ஃபேன்

என் பெயர் பெபி. பெயர் 'பேபி' என்று காதில் விழுந்து, சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்தெட்டு முடிந்துவிட்டது. திருத்தணி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு பூக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் இருக்கிற கம்ப்யூட்டர் கடை எங்களுடையது. போர்டில் 'ஆல்பின் கம்ப்யூட்டர்ஸ்' என்று எழுதியிருக்கும். ஆல்பின் என் வீட்டுக்காரர். கல்யாணமாகிப் பதினொரு வருஷம். அவருக்கு வாய், எனக்குக் கை என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அவர் பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை என்று சுற்றி ஆர்டர் பிடிப்பார். நான் கடையில் உட்கார்ந்து பாகம் பாகமாக வாங்கி, பெட்டியை முழுசாகச் சேர்த்துக் கொடுப்பேன்.

போர்டில் என் பெயர் இல்லையே என்று ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை. இப்போது வருத்தமா என்று கேட்டால் வருத்தம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. அந்தக் கோபத்தோடுதான் இதைச் சொல்லப்போகிறேன், கேட்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆர்.கே.பேட்டையில் வரதராஜன் என்று ஒரு விசைத்தறி முதலாளி இருக்கிறார். அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு தறிக்காரர்கள் சங்கம் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். சேலை பார்டரும் முந்தானையும் இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்துதான் தறிக்குப் போகிறது. வரதராஜன் கொட்டகையில் அதை வரைகிறவர் கோதண்டபாணி. வரதராஜனின் அக்கா புருஷன். முதலாளியே அவரை 'பாவா, பாவா' என்று கூப்பிடுவதால் தறியாட்கள் எல்லோருக்கும் அவர் பாவாதான்.

அங்கே கம்ப்யூட்டருக்கு எமன் பஞ்சு. தறி ஓடும்போது நூலிலிருந்து பறக்கிற பஞ்சு கொட்டகையை ஒட்டிய அந்தச் சின்ன அறைக்குள்ளும் வந்து படியும். பழைய கம்ப்யூட்டர் வருஷத்துக்கு இரண்டு தரம் மூச்சடைத்துச் செத்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு அறையில் இடமும் இல்லை. சுவரில் இருக்கிற சிமெண்ட் அலமாரியின் ஒரு தட்டில்தான் பெட்டி உட்கார வேண்டும். மிக்ஸி வைக்கிற இடத்தில் கம்ப்யூட்டர் வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சின்னப் பெட்டி.

"மொதல்ல எனக்கு ஒண்ணு செஞ்சி குடுங்க. ஒரு மாசம் ஓடட்டும். ஓடிச்சின்னா பாக்கி பதினோரு பேருக்கும் நீங்கதான்" என்றார் வரதராஜன்.

ஃபேன் என்றால் எல்லோருக்கும் தலைக்கு மேல் சுற்றுகிறதுதான் தெரியும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளும் ஃபேன் உண்டு, அது சரியாக அமையாவிட்டால் உள்ளே எவ்வளவு உசத்தியான பாகம் வைத்தாலும் வெந்து போகும். பெரிய பெட்டி என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தாங்கும். சின்னப் பெட்டி தாங்காது. இந்தப் பெட்டியின் முன்பக்கத்தில் நூற்று நாற்பது மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று போடலாம், அல்லது எண்பது மில்லிமீட்டரில் இரண்டு போடலாம். பெரியது மெதுவாகச் சுற்றினாலே வேண்டிய காற்று வந்துவிடும். சின்னது அதே காற்றைக் கொண்டுவரத் தலைதெறிக்கச் சுற்ற வேண்டும், கொசு மாதிரி கத்தவும் செய்யும். அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. உள்ளே வருகிற காற்று வெளியே போகிற காற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் பெட்டியின் இண்டு இடுக்கிலெல்லாம் காற்று வெளியே கசியும், பஞ்சு அந்த வழியாக உள்ளே வர முடியாது. கூடுதலாக வெளியே தள்ளினால் ஒவ்வொரு இடுக்கும் பஞ்சை உறிஞ்சத் தொடங்கிவிடும்.

அதனால் முன்னால் பெரிய நூற்று நாற்பது ஒன்று, அதன்மேல் மெல்லிய வலை, பின்னால் தொண்ணூற்றிரண்டில் ஒன்று என்று முடிவு செய்தேன். வருகிற காற்றெல்லாம் ஒரே வாசல் வழியாக வர வேண்டும், அந்த ஒரு வாசலைத்தான் அவர்கள் துடைக்க வேண்டும். ஐந்து நாள் ஓட்டிப் பார்த்தேன். பக்கத்துப் பூக்கடையில் ஊதுபத்தி வாங்கி வந்து, கொளுத்தி ஒவ்வொரு இடுக்கிலும் பிடித்தேன். எல்லா இடத்திலும் புகை வெளிப்பக்கமாகவே ஓடியது. "இன்னாக்கா, சர்ச்சுக்குப் போறவங்க கம்ப்யூட்டருக்கு ஆரத்தி எடுக்கறீங்க" என்று பூக்கடைக்காரி கேலி செய்தாள்.

ஆல்பினுக்கு மட்டும் பிடிக்கவில்லை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, எல்லாம் எண்பது, எல்லாவற்றிலும் கலர் லைட் என்றார் அவர்.

"நாலு ஃபேன் இருந்தா நாலு ஃபேன்னு சொல்லி விக்கலாம். ஒரே ஒரு ஃபேனக் காட்னா கஞ்சத்தனம்னு நெனைப்பாங்க."

"தறிக்கொட்டாய்ல லைட்டப் பாக்க எவனுங்க வரான்? பின்னாடி ரெண்டு போட்டா பஞ்ச இழுத்துக்குமேங்க."

"எல்லாம் தெரிஞ்சவ நீதான்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இது எங்களுக்குள் வழக்கமான சண்டைதான், சாயங்காலம் சூடாக போண்டா வாங்கிக்கொண்டு வந்தார். நானும் அதை அன்றோடு மறந்துவிட்டேன்.

பெட்டியை வைக்கப் போன அன்று வரதராஜன் அறையில் சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆல்பின் பேசத் தொடங்கினார். ஏன் முன்னால் ஒரே ஃபேன் என்று யாரோ கேட்க, அவர் தடுமாறி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். ஒரு பீடியைப் பற்றவைக்கச் சொல்லி, இடுக்கில் பிடித்துப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று காட்டினேன். பெட்டிமேல் துணி போடாதீர்கள், சனிக்கிழமை சனிக்கிழமை இந்த வலையைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள் என்றும் சொன்னேன். வரதராஜன் சிரித்து, "சாரு பேசறதோட சரி. வேலைனா அம்மாதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஆல்பினும் சிரித்தார். அவரும் மனசாரத்தான் சிரிக்கிறார் என்று நம்பினேன்.

மூன்று வாரம் பெட்டி முணுமுணுக்கவில்லை. ஆயுத பூஜை வந்தது. மறுநாள் விஜயதசமி அன்று மத்தியானம் ஆல்பினுக்கு போன் வந்தது. கடைக்கு வெளியே போய் நின்று வெகுநேரம் பேசினார். உள்ளே வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"உன் பொட்டி பூட்சி" என்றார்.

காலையில் நல்ல நேரம் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிட்டது. மறுபடி போட்டார்கள், மறுபடி அணைந்தது. ஐந்தாவது தரம் உள்ளே கருகல் வாடை அடித்ததாம். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம், ஆட்கள் சூடாக இருக்கிறார்கள், நானே போய் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று அவர் மட்டும் போனார். கொண்டுவந்தபோது பெட்டி ஏற்கெனவே பிரித்திருந்தது. முன் வலையும் பெரிய ஃபேனும் தனியாக ஒரு கவரில் இருந்தன. கல்யாணமான நாளிலிருந்து ஸ்க்ரூ டிரைவரைத் தொடாத மனுஷன் கையில் பெட்டி எப்படிப் பிரிந்து வந்தது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பவர் சப்ளையும் போர்டும் கருகிக் கிடந்தன.

"காத்து பத்தல. அவ்ளோதான்" என்றார் ஆல்பின்.

மூன்றாம் நாள் சங்கத்து ஆட்கள் கூப்பிட்டார்கள். அதே அறை, அதே பிளாஸ்டிக் நாற்காலிகள். உட்கார்ந்திருந்த ஏழு பேரும் ஆண்கள். எனக்கு நாற்காலி இல்லை. காலியாகக் கிடந்த அந்த அலமாரித் தட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். தீபாவளிச் சேலைக்கு டிசைன் போட வேண்டிய நாள்கள் வீணாகிக்கொண்டிருந்தன. இவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆல்பின் தொடங்கிவிட்டார்.

"நான் அப்பவே தலபாடா அடிச்சிகினேங்க. சின்ன ஃபேனா நாலு போடு, பெரிசு ஒண்ணு போட்டா தாங்காதுன்னு சொன்னேன். இவ கேட்டாத்தானே? ஒண்ணப் புடிச்சா புடிச்சதுதான். பொண்டாட்டியாச்சேன்னு உட்டுட்டேன். அதான் நான் செஞ்ச தப்பு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோதண்டபாணி மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"என் தப்புதாங்க. கணக்குப் போட்டதுல எங்கியோ விட்டுட்டேன்" என்றேன். யாரும் கேட்காமலே சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அது எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

வரதராஜன் நல்ல மனுஷன். "உடுங்கம்மா. மனுசன்னா தப்பு வராதா? பாக்கிய சார் சொல்ற மாதிரி செய்ங்க. ஃபேன் கீன் எல்லாம் சாரே முடிவு பண்ணட்டும்" என்றார்.

அதோடு என் கைவேலைக்கு மதிப்பு போயிற்று. நான் சொல்வதெல்லாம் இதுதான்: எனக்கு வேறு எதுவும் தெரியாது. பாடத் தெரியாது, சமையலும் சுமார்தான், நாலு பேர் நடுவில் பேசவும் வராது. ஒரு சின்னப் பெட்டிக்குள் காற்று எப்படிப் போகும் என்பது மட்டும் எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது பொய் என்று என் புருஷன் சபையில் சொன்னார், நானும் ஒப்புக்கொண்டேன். அதற்கப்புறம் ஒரு ஸ்க்ரூ முடுக்கினால்கூட, சரியாக முடுக்கினோமா என்று இரண்டு தரம் திருகிப் பார்த்தேன். அவர் சொன்னபடியே நாலு நாலு சின்ன ஃபேன் வைத்து இரண்டு பெட்டி செய்தேன். ஊதுபத்தி பிடித்துப் பார்க்கவே இல்லை. எதற்குப் பார்க்க வேண்டும், நமக்கென்ன தெரியும் என்று ஆகிவிட்டது. அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, "ஆங், அப்டித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரொம்ப சந்தோஷமாக இருந்தார். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

அந்த இரண்டையும் கொடுக்கப் போவதற்கு முந்தின நாள் காலையில், கருகிய பெட்டியின் டிஸ்க்கிலிருந்து கோதண்டபாணியின் டிசைன்களைப் புதுசுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். டிஸ்க் பிழைத்திருந்தது. அதில் நான் ஒரு சின்ன புரோகிராம் போட்டு வைத்திருந்தேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் உள்ளே எவ்வளவு சூடு என்று எழுதிக்கொண்டே வரும். எங்கே தப்பு செய்தோம் என்றாவது தெரியட்டும் என்று அதைத் திறந்தேன்.

மூன்று வாரமும் ஐம்பது, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தொன்று. கொட்டகையில் வெயில் கொதித்த மத்தியானங்களில்கூட ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை. விஜயதசமி காலை ஒன்பது பத்துக்குப் போட்டிருக்கிறார்கள். ஒன்பது முப்பதுக்கெல்லாம் தொண்ணூறு.

பஞ்சு அடைத்தால் சூடு நாளுக்கு ஒன்று, இரண்டு என்றுதான் ஏறும். ஃபேன் அளவு தப்பென்றால் முதல் நாளே தெரிந்திருக்கும். இருபது நிமிஷத்தில் நாற்பது டிகிரி ஏற வேண்டும் என்றால், யாரோ மூக்கையும் வாயையும் சேர்த்து அடைத்திருக்க வேண்டும். மேஜைக்கு அடியிலிருந்து அந்தக் கவரை எடுத்து வலையை வெளிச்சத்தில் பிடித்தேன். கழுவித் துடைத்திருந்தது. ஆனால் வலையின் சட்டத்துக்கும் ஃபேனுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

திருத்தணியில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சந்தனத்தின் வாசனை சொல்லியா தெரிய வேண்டும்? ஆயுத பூஜைக்குத் தறிக்கும் தராசுக்கும் வைப்பதுபோல என் பெட்டிக்கும் வைத்திருக்கிறார்கள். பொட்டாக வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வலை முழுக்கப் பூசியிருக்கிறார்கள். பூஜையில் வைத்த சந்தனத்தை மறுநாள் யாரும் துடைக்க மாட்டார்கள், அதுவாகக் காய்ந்து உதிர வேண்டும். அப்படியே ஓட்டியிருக்கிறார்கள். துணி போடாதீர்கள் என்று சொன்ன நான், சந்தனம் பூசாதீர்கள் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வழக்கம் இல்லாததால் எனக்குத் தோன்றவில்லை. அது என் தப்புதான். ஆனால் ஃபேன் தப்பில்லை. என் கணக்கும் தப்பில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அந்தச் சந்தோஷத்தோடு ஆல்பினிடம் ஓடினேன். கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சந்தனங்க! சந்தனத்தப் பூசி அடச்சிட்டாங்க. ஃபேன் நல்லாத்தான் இருந்திருக்கு!"

அவருக்கு ஆச்சரியம் வரவில்லை. டீயை மெதுவாகக் குடித்து முடித்தார்.

"தெரியும்" என்றார்.

"இன்னாங்க தெரியும்?" என்றேன்.

"நான் போறப்ப அப்டியே அப்பிகினு இருந்துச்சி. நாந்தான் யாரும் பாக்காம ஈரத்துணி வெச்சித் தொடச்சேன்."

"அப்பறம் ஏங்க எம்மேல சொன்னீங்க?"

"உள்ள வா, சொல்றேன்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யோசிச்சிப் பாரு. நாம யாரு? கிறிஸ்டின். அவங்க சாமிக்குப் பூஜ போட்டாங்க, அதனாலதான் பொட்டி பூட்சின்னு நம்ம வாயால சொல்ல முடியுமா? என்னென்ன பேச்சு வரும்? ஆர்டரு போவும், பேரும் போவும். உம்மேல சொன்னா வூட்டோட போச்சு. நீ எம் பொண்டாட்டிதானே, தாங்கிக்க மாட்டியா?"

அது நியாயம் மாதிரிதான் இருந்தது. ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் எங்களை யாரும் அப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. பூக்கடைக்காரி எனக்குக் கிறிஸ்துமஸ் கோலம் போட்டுக் கொடுப்பாள், நான் அவளுக்கு ஆடிக் கிருத்திகைக்குக் கடையைப் பார்த்துக்கொள்வேன். ஆனாலும் எங்களைப் போன்றவர்களுக்குள் அந்தப் பயம் எங்கோ ஓர் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறது. அவர் அதைச் சரியாகத் தொட்டு எழுப்பினார். நானும் வாயை மூடிக்கொண்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி நம்மோடு போகட்டும், சண்டை வராமல் இருந்தால் சரி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். என்னிடமாவது முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டு வாரம் நான் என் கையையே நம்பாமல் திரிந்ததைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருந்தாரே.

மறுநாள் ஆட்டோ பிடித்து இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஆர்.கே.பேட்டைக்குப் போனோம். அறையில் வரதராஜன், கோதண்டபாணி, சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆல்பின் லைட்டையெல்லாம் எரியவிட்டுக் காட்டினார். நாலு ஃபேனும் கூவின. தறிச் சத்தத்தையும் மீறி அது கேட்டது.

கிளம்பும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. யாரையும் குத்திக்காட்டாமல் சொல்ல வேண்டும் என்று வார்த்தையைத் தேடித் தேடி, கோதண்டபாணியிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணே, இந்த முன்பக்கத்துல மட்டும் பூவோ சந்தனமோ வைக்காதீங்க. மேல வெச்சிக்கலாம். மேல எவ்ளோ வேணா வெச்சிக்கலாம்."

அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"அய்யோ, அத இன்னும் மனசுல வெச்சிகினு இருக்கியாம்மா? நான்தாம்மா பூசனேன். முன்னாடி வட்டமா, பெரிசா, சாமி மொகம் மாதிரி இருந்துச்சி. மலைல முருகனுக்கு சந்தனக் காப்பு போடறாங்களே, அந்த நெனப்புல முழுசா அப்பிட்டேன். மறாநா அது நின்னதும்தான் உறைச்சிது. அன்னிக்கே சாருக்கு போன்ல சொன்னேனே! எந் தப்பு சார், சந்தனம் போட்டு மூச்ச அடச்சிட்டேன், அம்மாகிட்ட சொல்லி மன்னிச்சிக்க சொல்லுங்கன்னு."

"ஆமாம்மா" என்றார் வரதராஜன். "பாவாவே கத்தி வெச்சிச் சொரண்டி, கழுவித்தான் சார் கையில குடுத்தாரு. பொட்டிக்கு ஆன நட்டத்த நாங்களே ஏத்துக்கறோம்னுகூட சொன்னோம். சார்தான், அதெல்லாம் இல்லீங்க, சந்தனத்தால இப்டி ஆவாது, ஃபேன் எடுத்ததே தப்புன்னு அடிச்சிச் சொன்னாரு. தொழில் தெரிஞ்சவரு சொல்றாரு, நாங்க இன்னா சொல்ல முடியும்? பாவாவுக்கு அன்னிலர்ந்து மனசே ஆறல. அம்மா அழுதிச்சே, நம்மாலதானேன்னு ஒரே பொலம்பல்."

அன்று குனிந்த தலையோடு அவர் ஏன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவர்கள் கோபப்படவில்லை. சாமி என்றும் மதம் என்றும் யாரும் நினைக்கவில்லை. தப்பைத் தாங்களே தலையில் எடுத்துக்கொண்டு, எனக்கு மன்னிப்பும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என் புருஷன் அதை வாங்கிப் பாதி வழியில் புதைத்துவிட்டு, ஏழு பேர் நடுவில் என்னை நிற்க வைத்திருக்கிறார். யாரும் பாக்காம ஈரத்துணி வெச்சித் தொடச்சேன் என்று நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாரே, அதுவும் பொய். ஆர்டருக்காக இல்லை, பயத்தாலும் இல்லை. ஃபேன் விஷயத்தில் அவர் என்னிடம் தோற்றார், இந்த அறையில் நாலு பேர் சிரித்தார்கள். ஜெயிக்க ஒரு வாய்ப்பு தானாக வந்தது. எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதை இதுவரை வாயால் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

வரதராஜன் ஆல்பினைப் பார்த்தார். அவர் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஏன் சார் அப்டி சொன்னீங்க?"

ஆல்பின் என்னைப் பார்த்தார். பேச்சில் எங்காவது மாட்டிக்கொண்டால் அப்படித்தான் பார்ப்பார். பதினொரு வருஷமாக அந்தப் பார்வை வந்ததும் நான் பேச்சை எடுத்துக்கொண்டு, அவர் சொல்ல வந்தது போலவே முடித்துக் கொடுத்திருக்கிறேன். வாடிக்கைக்காரர்களிடம், அவர் அண்ணன்களிடம், பாஸ்டரிடம்கூட. இப்போதும் எனக்கு வார்த்தை வந்தது. நாங்க ரெண்டு பேரும் சரியா கவனிக்கலீங்க என்று ஒரு வரி போதும். எல்லோரும் தலையாட்டிவிட்டு டீ சொல்லியிருப்பார்கள்.

"பெபி, நீயே சொல்லேன்" என்றார் அவர்.

"எனக்கு இன்னா தெரியும்? எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றேன்.

ஆல்பின் ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமினார், போன் வந்ததுபோல எடுத்துப் பார்த்தார். அவர் முகம் வேர்த்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். கொஞ்சமும் இல்லை.

"வரதராஜன் சார், இந்த ரெண்டையும் நான் திருப்பி எடுத்துகினு போறேன்" என்றேன். "இது ஆறு மாசத்துல பஞ்சடச்சிப் போவும். பன்னெண்டும் பழைய மாதிரியேதான். முன்னாடி பெரிசு ஒண்ணு, பின்னாடி தொண்ணூத்திரெண்டு ஒண்ணு. இஷ்டம்னா சொல்லுங்க. இனிமே இதப் பத்தி எதுன்னாலும் என் நம்பருக்குப் பேசுங்க."

"செய்யிமா" என்றார் வரதராஜன். கோதண்டபாணி உடனே பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து என் நம்பரைக் கேட்டார்.

ஆட்டோ வெளியே நின்றிருந்தது. நான் அதில் ஏறவில்லை. கோதண்டபாணி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொள்ள, இன்னொன்றை நான் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். திருத்தணி டவுன் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. ஒரு பெட்டியைக் காலடியிலும் ஒன்றை மடியிலும் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் ஆல்பினிடமிருந்து மூன்று தரம் போன் வந்தது. நாலாவது தரம் எடுத்தேன்.

"ஒரு வார்த்த சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். குரல் உடைந்திருந்தது. "எல்லாரும் பாக்க என்ன அப்டி நிக்க வெச்சிட்டியே பெபி. அந்த எடத்துல நிக்கறது எப்டி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க" என்றேன்.

போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, கண்டக்டரிடம் திருத்தணிக்கு ஒரு டிக்கெட் கேட்டேன்.